இறால் ஓட்டுப் படலமும் ஐப்பசி மழையும்

என்னிடம் ஆராய்ச்சிக்குச் சேர்ந்த முதல் மாணவி என்னைவிட வயதில் மூத்தவர். காரைக்காலிலேயே பிறந்து வளர்ந்தவர்; கணவர் துபாயில். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு, விட்ட படிப்பைத் தொட வந்தார். அவர் என்னை மேடம் என்பார். நான் அவரை லாத்தா என்பேன். இங்கே முஸ்லிம் வீடுகளில் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். இரண்டு பேருக்கும் முதலில் கூச்சமாக இருந்தது, பிறகு பழகிவிட்டது.

இறால் ஓட்டிலிருந்து படலம் செய்வது எங்கள் வேலை. மீனவர் ஊரான கோட்டுச்சேரிமேட்டிலிருந்து லாத்தா ஓடுகளை வாளியில் வாங்கி வருவார். அந்த வாடைக்கு ஷேர் ஆட்டோவில் தனக்கு மட்டும் தாராளமாக இடம் கிடைப்பதாகச் சொல்லிச் சிரிப்பார். ஓட்டிலிருந்து பிரித்தெடுத்த பாலிமரைக் கரைத்துக் கண்ணாடித் தட்டில் ஊற்றிக் காயவைத்தால், உரித்தெடுக்க மெல்லிய தாள் கிடைக்கும். மீனையும் பழத்தையும் பிளாஸ்டிக்குக்குப் பதில் அதில் பொதிய முடியுமா என்பதுதான் கேள்வி. பாலிமர் இழைகள் எவ்வளவு நெருங்கிக் கிடந்தாலும் நடுவே மிகச் சிறிய பொந்துகள் இருக்கும். காற்று அந்த வழியாகத்தான் உள்ளே புகும்.

அந்தப் பொந்துகளை அளக்க, எலக்ட்ரானின் எதிர்த்துகளான பாசிட்ரான் வேண்டும். துளியளவு கதிரியக்க சோடியத்தை மெல்லிய தகட்டில் மூடி, இரண்டு பக்கமும் எங்கள் படலத்தை அடுக்கி வைப்போம். அதிலிருந்து கிளம்பும் பாசிட்ரான் ஓர் எலக்ட்ரானைச் சந்தித்தால் இரண்டுமே ஒளியாகி மறைந்துவிடும். சில மட்டும் எலக்ட்ரானோடு ஜோடி சேர்ந்து பொந்துக்குள் புகுந்து சற்றே தங்கும். பொந்து பெரிதாக இருந்தால் ஜோடியின் ஆயுளும் நீளும். அந்த ஆயுளை அளக்கத்தான் எங்கள் மெஷின். ஆயுள் என்றாலும், ஒரு நொடியை நூறு கோடியாகப் பிரித்தால் அதில் ஓரிரு பங்குதான்.

கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து, அந்த ஆடியில் எனக்கு நாள் தள்ளிப்போனது. கணவருக்கு அடுத்து லாத்தாவிடம்தான் சொன்னேன். மாமியாருக்குக்கூட அப்புறம்தான். இனி நான் அந்தச் சோடியத்தின் பக்கம் போகக் கூடாது.

"மாஷா அல்லா!" என்று என் கையைப் பிடித்துக்கொண்டவர், சட்டென்று யோசனையானார். "அப்ப மெஷினு?"

"நீங்கதான் பாத்துக்கணும், லாத்தா."

"நானா? உங்க பக்கத்துல நின்னதோட சரி மேடம்."

"டிரெய்னிங் முடிச்சிருக்கீங்கள்ல? நான் அடுத்த கட்டடத்துலதான் இருப்பேன். சந்தேகம்னா போன் பண்ணுங்க."

முதல் வாரம் ஓயாமல் போன் வந்தது. பிறகு குறைந்தது. புரட்டாசியில் வரவே இல்லை. எனக்குச் சந்தோஷமாகவும் லேசாக ஏமாற்றமாகவும் இருந்தது.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட சமயம், குடையை வாசலிலேயே போட்டுவிட்டு என் அறைக்குள் வந்தார்.

"எல்லாம் போச்சு மேடம். போன மாசம் பாத்த அதே படலந்தான். பொந்தெல்லாம் சின்னதாயிருச்சு. என் கைதான் எங்கயோ தப்பு பண்ணுது. நீங்க புள்ளையப் பெத்துட்டு வாங்க, அதுவரைக்கும் மெஷின மூடி வச்சிருவோம்."

கண் கலங்கியிருந்தது. உட்காரச் சொல்லி, செய்ததை ஒவ்வொன்றாகக் கேட்டேன். எதிலும் பிசகில்லை. முன்பே அளவு தெரிந்த ஒரு பிளாஸ்டிக் துண்டை வைத்துப் பார்க்கச் சொன்னேன். அதன் எண் சரியாகவே வந்தது. அப்படியென்றால் கையும் மெஷினும் நன்றாகத்தான் இருக்கின்றன.

அலமாரியிலிருந்து மிச்சப் படலத்தை எடுத்துவந்தவர், வாசலிலேயே நின்றுவிட்டார். இரண்டு விரலால் அதைத் தூக்கிப் பிடித்தார்.

"மேடம், இது முன்ன சலசலன்னு இருக்கும். இப்பப் பாருங்க, நனஞ்ச துணியாட்டம் தொங்குது."

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். மழைக்காற்றின் ஈரத்தை அந்தப் படலம் குடித்திருந்தது. பொந்துகளில் தண்ணீர் போய் உட்கார்ந்துவிட்டது.

ஆய்வகத்தின் மூடிய அடுப்புக்குள் வைத்து, காற்றை உறிஞ்சிவிட்டு மிதமான சூட்டில் அதை உலர்த்தி, ஈரம் படாமல் மறுபடி அளந்தார். பழைய எண்ணே திரும்பி வந்தது. அதைச் சொல்ல வந்த முகம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. சொல்லி முடித்தவர் போகாமல் நின்றார்.

"கொஞ்சங் கொஞ்சமா ஈரத்தக் கூட்டிப் பாத்தா என்னங்க மேடம்?"

அந்தக் கேள்விதான் அவருடைய ஆராய்ச்சியாக ஆனது.

பங்குனியில் மகள் பிறந்தாள். நான் குரும்பகரத்தில் அம்மா வீட்டில் இருந்தபோது லாத்தா பார்க்க வந்தார். குழந்தையைக் கொஞ்சிவிட்டு, போனில் ஒரு வரைபடத்தைக் காட்டினார். ஈரம் கூடக்கூட பொந்து முதலில் சிறுத்தது. ஓர் அளவைத் தாண்டியதும் இழைகள் இளகி, பழையதைவிடப் பெரிதானது. நாங்கள் இருவரும் தலையை ஒட்டிக்கொண்டு பார்ப்பதைக் கண்டு அம்மா கேட்டார்.

"ஓட்ட பெருசானா நல்லதா, கெட்டதா?"

"மீனுக்குக் கெட்டதும்மா. எனக்கு நல்லது" என்றார் லாத்தா.

விடுப்பு முடிந்து ஆய்வகத்துக்குப் போனேன். மெஷின் முன்னிருந்த நாற்காலியின் உயரம் லாத்தாவுக்கு ஏற்றபடி மாறியிருந்தது. திரையில் எல்லாம் வேறு வரிசையில் இருந்தன. எதையும் மாற்றாமல் லாத்தாவின் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

"சொல்லுங்க லாத்தா, எங்கேருந்து ஆரம்பிக்கிறீங்க?"