கட்டைக் குவியலில் வந்த வாசம்

செம்மநத்தத்தில் தச்சு வேலை செய்த அங்கப்பன் பயந்த சுபாவக்காரர் என்பது ஊருக்கே தெரியும். சேலத்துக்குப் பஸ்ஸில் போனால் கொண்டை ஊசி வளைவுகள் முடியும்வரை கண்ணைத் திறக்க மாட்டார். தெருவில் காக்கிச் சட்டை வந்தால், அது தபால்காரருடையதாகவே இருந்தாலும், கையிலிருக்கும் உளியைக் கீழே வைத்துவிடுவார்.

இதற்கு ஒரு காரணம் இருந்தது. அவருக்குப் பதினேழு வயதாக இருந்தபோது, பக்கத்துக் காட்டுக்காரர் சித்தன் வீட்டில் சந்தன வேர் அகப்பட்டது. சித்தனை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனதை அங்கப்பன் வேலியோரம் நின்று பார்த்தார். ஒன்றரை வருடம் கழித்துத்தான் சித்தன் திரும்பி வந்தார். அதற்குள் சாமை விளைந்த காடு உண்ணிச் செடி மண்டிப் போயிருந்தது. பெண்ணுக்குப் பேசி வைத்திருந்த சம்பந்தமும் கலைந்திருந்தது. அதற்குப் பிறகு அவர் யாரிடமும் வாய் திறந்து பேசி அங்கப்பன் கேட்டதில்லை. மலையில் சந்தன மரம் தானாக முளைக்கும். தன் காட்டு வரப்பில் ஒரு கன்று முளைத்தால்கூட அங்கப்பன் உடனே போய் ஃபாரஸ்ட் கார்டிடம் சொல்லிவிட்டு வருவார்.

வீட்டுக்குப் பின்னால் தகரம் வேய்ந்த கொட்டகைதான் அவருடைய பட்டறை. இழைப்புளிகளும் உளிகளும் ரம்பங்களும் சுவரில் ஆணியில் தொங்கும். எது எந்த ஆணியில் என்று கண்ணை மூடிக்கொண்டே எடுப்பார். மரம் அடுக்குவதில் அவருக்கு ஒரு முறை உண்டு. தரையில் கல் வைத்து, கரையான் ஏறாமல் அதன்மேல் கட்டை வைத்து, பலகைக்கும் பலகைக்கும் நடுவில் விரல் தடிமன் குச்சி கொடுத்துக் காற்றாட அடுக்குவார். பச்சைக் கட்டைகளின் முனை வெடிக்காமல் இருக்கச் செம்மண்ணும் சாணமும் குழைத்துப் பூசுவார். துண்டுகளையும் வீணாக்க மாட்டார். சாணுக்கு மேல் நீளமானவை முக்காலிக் கால்களாகும். அதற்குக் குட்டையானவை கைப்பிடி, ஆப்பு, துணி மாட்டும் முளை என்று ஏதாவது ஆகும். சீவல் கோழி அடைகாக்கும் கூடைக்குப் போகும். மரத்தூள் பக்கத்து வீட்டு மருதாயிக்கு. அவள் வீட்டில் எரிவது மரத்தூள் அடுப்பு. தினமும் காலையில் ஒரு பழைய மண்ணெண்ணெய் டின்னோடு வந்து, பெஞ்சுக்கு அடியில் கிடப்பதை அவளே கூட்டி அள்ளிக்கொண்டு போவாள்.

அது எண்பத்து மூன்றாம் வருடம், ஐப்பசி. கரடியூர்ப் பக்கத்து எஸ்டேட் ஒன்றுக்கு இருபது தேனீப் பெட்டிகள் செய்து கொடுக்க வேண்டியிருந்தது. சில்வர் ஓக் பலகைகள் தயாராக இருந்தன. மூடிகளுக்குக் கைப்பிடி வைக்கச் சின்னத் துண்டுகள் தேடி, அங்கப்பன் மூலையிலிருந்த துண்டுக் கட்டைக் குவியலின் அடியில் கைவிட்டார். முழங்கை நீளத்தில் ஒரு கட்டை வந்தது. இரண்டு முனையிலும் மண் பூச்சு. பட்டை கறுத்திருந்தது. கொய்யாவோ என்னவோ என்று நினைத்து, பெஞ்சில் வைத்துக் காலால் அழுத்தி, ரம்பத்தைப் போட்டார்.

நாலு இழுப்பு வரைக்கும் ஒன்றுமில்லை. ஐந்தாவது இழுப்பில் வாசம் வந்தது.

அவர் ரம்பத்தை அப்படியே விட்டுவிட்டார். அது கட்டைக்குள் மாட்டிக்கொண்டு ஆடியது. குனிந்து பார்த்தார். பட்டைக்கு அடுத்து வெளுப்பு, உள்ளே பழுப்பு மஞ்சள். கட்டையைத் திருப்பி, குவியலைக் கலைத்து அடியில் பார்த்தபோது இன்னும் மூன்று இருந்தன. எல்லாவற்றுக்கும் மண் பூசியிருந்தது. கைகளை வேட்டியில் துடைத்தார். பிறகுதான் வேட்டியிலும் வாசம் ஏறிவிடும் என்று உறைத்தது.

வீட்டுக்குள் ஓடி மனைவி கண்ணம்மாளைக் கூட்டி வந்தார். கொட்டகை வாசலிலேயே அவள் நின்றுவிட்டாள்.

"ஏனுங்க, இதென்ன கோயில் வாசம்?"

"மெதுவாப் பேசு புள்ள. நம்ம குவியல்லதான் இருந்துச்சு. நாலு கட்டை. நான் வெக்கல."

கண்ணம்மாள் கதவைச் சாத்தினாள். "அடுப்புல வெச்சு எரிச்சுப்போடலாம்."

"எரிச்சா ஊர் பூரா மணக்கும். நாமளே தமுக்கடிச்ச மாதிரி ஆயிரும்."

"பொதைச்சிரலாம்."

"மழை பெஞ்ச ஈர மண்ணு. புதுசாத் தோண்டுனது ஒரு வாரத்துக்குத் தெரியும்."

கிணற்றில் போட முடியாது. அது நாலு வீடு குடிக்கிற கிணறு. சாக்கில் கட்டி எடுத்துப் போனால் வழியில் யாராவது என்னவென்று கேட்பார்கள். சொல்லச் சொல்ல அங்கப்பனுக்கு எல்லாப் பக்கமும் அடைபட்டது போல இருந்தது. முதலில் தூளையாவது கூட்டி அள்ளலாம் என்று பெஞ்சுக்கு அடியில் குனிந்தார். தரை சுத்தமாக இருந்தது. துடைப்பம் இழுத்த கோடுகள் மட்டும் தெரிந்தன.

அவர் வீட்டுக்குள் போய்வந்த அந்த ஐந்து நிமிடத்தில் மருதாயி வந்து போயிருக்கிறாள்.

"அவ இன்னும் அடுப்புப் பத்த வெச்சிருக்க மாட்டா" என்று சொல்லிவிட்டுக் கண்ணம்மாள் ஓடினாள்.

அங்கப்பன் தனியாக நின்றார். கட்டைகளைத் திரும்பக் குவியலுக்குள் தள்ளி, மேலே பலகைத் துண்டுகளைப் போட்டார். அறுத்த வாய் மட்டும் மணந்துகொண்டே இருந்தது. அப்போது வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. மருதாயி வீட்டிலிருந்து கண்ணம்மாள்தான் திரும்பி விட்டாள் என்று நினைத்து நிமிர்ந்தார். ஃபாரஸ்ட் கார்டு வெங்கடாசலம் நின்றிருந்தார்.

"என்னப்பா அங்கப்பா, என் தொப்பி மாட்டுற ஸ்டாண்டு ஆச்சா?"

போன வாரம் துண்டுக் கட்டைகளில் ஒன்று செய்து தரும்படி அவர் கேட்டிருந்தார். வெங்கடாசலம் கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு காலை உள்ளே வைத்தார். சுவரோரம் பாலிஷ் வேலைக்கு வைத்திருந்த டர்பன்டைன் பாட்டில் அங்கப்பனின் கண்ணில் பட்டது. முழங்கையால் அதை இடித்தார். அது விழுந்து உடைந்து, நெடி கொட்டகை முழுக்கக் கிளம்பியது. வெங்கடாசலம் கர்சீப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே போனார்.

"பார்த்துப்பா. என்ன, காய்ச்சலா?"

"ரெண்டு நாளா ஒடம்பு சரியில்லீங்கய்யா. ஸ்டாண்டு நாளைக்குத் தந்தர்றேனுங்க."

"நாளைக்கு வேண்டாம். நாளைக்கு ரேஞ்சர் வர்றார். கிளியூர்ப் பக்கம் நாலு மரம் வெட்டியிருக்கானுங்க. ஊடு ஊடாப் பாக்கப் போறோம். உனக்கென்ன, நீ கதவைத் திறந்து வெச்சிட்டு உக்காந்திரு." அவர் சிரித்துவிட்டு ரோட்டுக்கு ஏறிப் போனார்.

அங்கப்பன் பெஞ்சின் மேல் உட்கார்ந்தார். சித்தன் ஜீப்பில் ஏறியபோது ஒரு செருப்பு கழன்று விழுந்தது. அதை யாருமே எடுத்துக் கொடுக்கவில்லை. அந்தச் செருப்புதான் அவருக்கு ஞாபகம் வந்தது.

கண்ணம்மாள் டின்னோடு திரும்பினாள். கரையான் மருந்து அடித்த மரத்தின் தூள், சோத்தில் விஷம் ஏறிவிடும் என்று சொல்லி வாங்கி வந்திருந்தாள். மருதாயி பயந்துபோய் இரண்டு தடவை கையைக் கழுவினாளாம். கார்டு வந்து போனதைச் சொன்னதும் கண்ணம்மாள் முகம் வெளுத்தது. ஆனால் அவள் உட்காரவில்லை. குவியலிலிருந்து ஒரு கட்டையை எடுத்து முனையிலிருந்த மண்ணைப் பார்த்தாள்.

"நீங்க பூசுனா மூணு வெரலு கோடு விழும். இது உள்ளங்கையால பூசுனது."

"ஆமா."

"இப்படிப் பூசணும்னு தெரிஞ்சவன் வெச்சிருக்கான். நீங்க கைவெக்கப் பல நாளாகுற எடம் எதுன்னும் தெரிஞ்சிருக்கு."

அவள் பேரைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. எஸ்டேட்டில் அறுத்து மிஞ்சிய துண்டுகளை வாரத்துக்கு ஒரு முறை கொண்டு வந்து அந்தக் குவியலில் கொட்டுகிறவன் ஒருவன்தான். அவளுடைய தம்பி பெருமாள். லாரியில் கிளீனராக இருந்தான்.

மூன்று மணி பஸ்ஸில் பெருமாளே வந்தான். கொட்டகைக் கதவு சாத்தியிருப்பதைப் பார்த்ததும் அவன் நடை தளர்ந்தது. அக்கா அவனை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள்.

"ரெண்டு நாளைக்குத்தான் மாமா" என்றான், கேட்பதற்கு முன்னாலேயே. "இன்னிக்கு எடுத்துட்டுப் போயிரலாம்னுதான் வந்தேன். ஒருத்தர் வெக்கச் சொன்னாரு. ஸ்டியரிங்ல உக்கார வெக்கறேன்னு சொன்னாருங்க."

"ஏன் மாப்ள என் ஊட்டுல?"

பெருமாள் தரையைப் பார்த்தான். "உங்களை யாரும் சந்தேகப்பட மாட்டாங்க மாமா. அதான்."

அங்கப்பனுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. தன் பயத்தையே ஒருவன் ஒளிந்துகொள்ளும் இடமாகப் பயன்படுத்தியிருக்கிறான் என்பதுதான் அவருக்கு விளங்கியது. பகல் வெளிச்சத்தில் நாலு கட்டையை எப்படி எடுத்துப் போவாய், ரோட்டில் செக்போஸ்ட் இருக்கிறதே என்று அவர் சொன்னபோது பெருமாள் கதவிடுக்கில் ரோட்டை எட்டிப் பார்த்தான்.

"டேய் சாமி" என்றாள் கண்ணம்மாள். "மாமாவோட கார்டுகிட்ட வா. நீயே போய்ச் சொல்லிரு. நானும் வர்றேன்."

"சரிக்கா. மூஞ்சி கழுவிட்டு வர்றேன்" என்று பெருமாள் பின்பக்கத் தண்ணீர்த் தொட்டிக்குப் போனான். அவர்கள் காத்திருந்தார்கள். பஸ் ஹாரன் கேட்டது. கண்ணம்மாள் வெளியே போய்ப் பார்த்தபோது தொட்டிப் பக்கம் யாருமில்லை. கீழே திரும்பிப் போகும் பஸ்ஸின் படியில் அவனுடைய நீலச் சட்டை தெரிந்தது.

அங்கப்பன் சட்டையை மாட்டினார். கட்டைகளைத் தொடவில்லை. கொட்டகையைப் பூட்டிச் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டார். கார்டு இருக்கும் செக்போஸ்ட் இரண்டு மைல். மூடுபனி இறங்கியிருந்தது. பாதி வழியில் அவர் ரோட்டோர மைல் கல்லில் உட்கார்ந்துவிட்டார். கண்ணம்மாள் கையைப் பிடித்து எழுப்பினாள்.

"திரும்பிரலாமா புள்ள?"

"திரும்பி எங்கீங்க போறது?"

வெங்கடாசலம் செக்போஸ்ட் பெஞ்சில் டீ குடித்துக்கொண்டிருந்தார். அங்கப்பன் சாவியை அவருக்குப் பக்கத்தில் வைத்தார்.

"என் கொட்டகைல சந்தனக்கட்டை இருக்குதுங்க. நாலு. ஒண்ணை நான் தெரியாம அறுத்துப்போட்டேன். காலைல நீங்க வந்தப்பவே இருந்துச்சுங்க."

வெங்கடாசலம் டம்ளரைக் கீழே வைத்தார்.

"பாட்டில் தானா விழல, இல்லே?"

"நான்தானுங்க தள்ளிவிட்டேன்."

"யார் வெச்சது?"

அங்கப்பன் பெஞ்சின் மேலிருந்த சாவியையே பார்த்தார். மனைவியைப் பார்க்கத் துணியவில்லை. அம்மா அப்பா இல்லாத வீட்டில் அவள் தோளில் தூக்கி வளர்த்த தம்பி அவன்.

"என் தம்பிங்க" என்றாள் கண்ணம்மாள். "பெருமாளு. நாலு மணிக்குத்தான் பஸ் ஏறிப் போனான்." சொல்லி முடித்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அன்று சாயங்காலமே ரேஞ்சர் வந்து கட்டைகளை எடுத்துப் போனார். அங்கப்பனைக் கைது செய்யவில்லை. தானாக வந்து சொன்னார் என்று வெங்கடாசலம் எழுதிக் கொடுத்தது அவரைக் காப்பாற்றியது. பெருமாளை ஆத்தூரில் பிடித்தார்கள். வைக்கச் சொன்ன ஆளின் பேரை அவன் சொன்னான். அந்த ஆளும் அகப்பட்டான். கேஸ் நடந்த எட்டு மாதமும் அங்கப்பன் சாட்சியாகச் சேலத்துக்குப் போய்வந்தார். கூண்டில் ஏறிய அன்று தன் பேரையே இரண்டு தடவை கேட்ட பிறகுதான் சொன்னார். பேர் சொல்லப்பட்ட ஆளின் கூட்டத்தார் என்றாவது வந்து கொட்டகைக்குத் தீ வைப்பார்கள் என்ற பயம் அவரை விடவில்லை. காய்ந்த சீவலை அன்றன்றைக்கே அப்புறப்படுத்தினார். வாளியில் தண்ணீர் நிரப்பி வைத்தார். யாரும் வரவில்லை. ஆனால் வராத ஒவ்வொரு நாளும் நாளைக்கு வருவார்கள் என்றே அவருக்குத் தோன்றியது. கல்யாண வீடுகளில் சந்தனக் கிண்ணத்தை நீட்டினால் கையைப் பின்னால் கட்டிக்கொள்வார்.

எண்பத்தைந்தில் பெருமாள் விடுதலையானான். ஒரு மத்தியானம் கொட்டகை வாசலில் வந்து நின்றான். இளைத்திருந்தான். முன்பற்களில் ஒன்று இல்லை.

"லாரில யாரும் சேத்துக்க மாட்டேங்கறாங்க மாமா. இங்க ஏதாச்சும் வேலை இருந்தாச் சொல்லுங்க."

அங்கப்பன் கண்ணம்மாளைப் பார்த்தார். அவள் அடுப்படிக்குப் போய்த் தட்டில் சோறு போட்டாள். மறுநாள் முதல் பெருமாள் பலகை இழைத்தான். கை நேர்த்தியாகத்தான் இருந்தது.

அவன் வந்த பிறகு அங்கப்பனுக்கு ஒரு பழக்கம் தொற்றிக்கொண்டது. பெருமாள் வேலை முடித்துப் போனதும், குவியலை முழுக்கக் கலைத்து, ஒவ்வொரு துண்டாக எடுத்து மூக்கருகில் வைத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப அடுக்குவார். ஒரு நாள் மறந்துபோன தோள் துண்டை எடுக்கப் பெருமாள் திரும்பி வந்தான். மாமா கையில் கட்டையோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தான். வந்த வழியே சத்தமில்லாமல் போய்விட்டான். மறுநாளும் வேலைக்கு வந்தான்.

தொண்ணூற்றொன்றில் அங்கப்பனுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. குனிய முடியவில்லை. அந்தச் சாயங்காலம் பெருமாள் வீட்டுக்குப் போகாமல் முக்காலி ஒன்றை இழுத்து மாமாவுக்குப் போட்டான். பிறகு குவியலின் முன்னால் உட்கார்ந்து, ஒவ்வொரு துண்டாக எடுத்து அவரிடம் நீட்டினான். அவர் வாங்கி முகர்ந்து பார்த்துத் திருப்பிக் கொடுத்தார். இருட்டுவதற்குள் குவியல் முடிந்தது.