சிரிப்புப் படம் கொடுத்தவர்

சண்டைக் காலத்தில் சித்தாண்டியில் வீடியோக் கடை வைத்திருந்த அந்த மனிதர் மெலிந்தவர். கட்டம் போட்ட சாறன், எந்நேரமும் கசற் துடைத்துக்கொண்டிருக்கும் கை. எந்த வீட்டுக்கு என்று தெரிந்துகொண்டுதான் படம் கொடுப்பார். இழவு விழுந்த வீட்டுக்கு வெடிச்சத்தம் கேட்கிற படம் கொடுக்கமாட்டார். ஆள் காணாமல் போன வீட்டுக்கு, பிரிந்தவர்கள் கடைசியில் சேருகிற படமும் இல்லை. இரண்டு வீட்டாருக்கும் சிரிப்புப் படம்தான். வரவர ஊரில் முக்கால்வாசி வீடுகளில் சிரிப்புப் படமே ஓடியது.

ஒருநாள் பின்னேரம் புதுச் சண்டைப் படமொன்று கேட்டுப் போனேன். அண்ணனுக்குச் சண்டைப் படம் என்றால் உயிர். வட்டைக்கு வயல் வேலைக்குப் போனவன் வருவதற்குள் எடுத்து வைக்க நினைத்தேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் ஒரு சிரிப்புப் படத்தை எடுத்து வைத்தார்.

“எங்கட வீட்டில ஒண்டும் நடக்கல்லியே, மாமா?”

“இதக் கொண்டு போ புள்ள.” துடைத்த கசற்றையே திரும்பவும் துடைத்தார்.

அவருக்கு யார் சொன்னார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அண்ணன் சுடப்பட்ட செய்தி எங்களுக்குப் பொழுதுபட்டுத்தான் வந்தது. அதற்கு முன் நான் கசற்றோடு வீட்டுக்குள் நுழைந்தபோது, அவனுக்குச் சோறு போட்டு மூடிக்கொண்டிருந்த அம்மா என்ன படம் என்று கேட்டா.

“சண்டைப் படம்” என்றேன்.