கேரம் பவுடர் தூவிய கீபோர்டு

மூன்று வருடங்களாக என் பியானோ ஆசிரியை என்னிடம் அதிகம் சொன்னது இரண்டே சொற்கள்தான். "தாக் டெங்கார், ஆண்ட்டி." கேட்கவில்லை என்று மலாயில் அர்த்தம். ஆசிரியை சீனப் பெண், என் மூத்த மகளைவிடச் சின்னவள். ஈப்போவில் ஒரு கடைவீட்டு மாடியில் பாடம் நடத்துகிறாள். நான் அவளை டீச்சர் என்பேன், அவள் என்னை ஆண்ட்டி என்பாள், எங்கள் இருவருக்கும் பொதுவான மொழி மலாய்.

வீட்டில் நான் பழகியது அறுபத்தொரு கட்டை உள்ள சின்ன கீபோர்டில். அதன் கட்டைகள் ஊதினால்கூட அமுங்கிவிடும். அதில் நான் ராணி. டீச்சரின் பியானோவில் உட்கார்ந்தால் அதே பாட்டு பாதிதான் கேட்கும். பியானோவில் ஒரு கட்டையை அழுத்தினால் உள்ளே ஒரு சுத்தியல் எழும்பித் தந்தியைத் தட்ட வேண்டும். அந்தச் சுத்தியலைத் தூக்கும் பலம் என் விரல்களுக்கு இல்லை. "ஆண்ட்டி விரலில் எலும்பே இல்லை" என்று ஒருநாள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பியானோ தேர்வு எழுத, படிவத்தில் ஆசிரியர் கையெழுத்துப் போட வேண்டும். இரண்டு வருடங்கள் அவள் போடவில்லை. "அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்றாள். எனக்கு வயது நாற்பத்தொன்பது. பதினைந்து வயதில், மூன்றாம் படிவத்தோடு பள்ளியை விட்டுத் தொழிற்சாலைக்குப் போனவள். இப்போது ஒரு நகலெடுக்கும் கடையில் வேலை. ஊரில் உள்ள பிள்ளைகளின் சான்றிதழ்களுக்கெல்லாம் லேமினேட் போட்டுக் கொடுப்பது நான்தான். என் பெயர் அச்சடித்த ஒரு சான்றிதழை என் கையால் அந்த இயந்திரத்துக்குள் விட வேண்டும் என்று ஆசை. வேறு பெரிய காரணம் எதுவும் இல்லை. இந்த வருடமும் கையெழுத்து இல்லையென்றால் பியானோவையே விட்டுவிடுவது என்று மனத்துக்குள் முடிவு செய்திருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

டீச்சர் சொன்ன வழி ஒன்றுதான். முழு அளவு, எண்பத்தெட்டு கட்டை, பியானோவைப் போலவே கனம் வைத்த கட்டைகள். புதியது வாங்க எங்களால் ஆகாது. பழைய சாமான் விற்கும் இணையப் பக்கங்களில் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினேன். கிடைத்ததெல்லாம் கோலாலம்பூரில் இருந்தது, அல்லது நான் கேட்பதற்குள் விற்றுப்போனது. படிவம் அனுப்ப ஏழு வாரம் இருக்கும்போது இந்த விளம்பரம் கண்ணில் பட்டது: "கீபோர்டு. 88 கட்டை. கட்டை எல்லாம் கெராஸ், ரோசாக். ரிப்பேர் தெரிந்தவர் எடுத்துக்கலாம்." கட்டைகள் இறுகிவிட்டன, கெட்டுப்போய்விட்டது என்கிறார்கள். ஆயர் தாவார் பக்கம், ஒரு பழைய ரப்பர் தோட்டத்தில், கோயில் பஜனைக் குழு விற்கிறது.

எனக்குச் சந்தேகம் தட்டியது. கெட்டுப்போனால் பத்துக் கட்டை கெடும், இருபது கெடும். எண்பத்தெட்டும் ஒன்றுபோல எப்படி இறுகும்?

சனிக்கிழமை காலை கணவரோடு கிளம்பினேன். வழியெல்லாம் அவருக்கு ஒரே உபதேசம். "அங்க போயி வாயத் தொறக்காத. ரோசாக்னு போட்டிருக்காங்க, ரோசாக் வெலதான். எடுத்துப் போட்டுக்கிட்டு வந்துரலாம்."

"நான் என்ன சொல்லப் போறேன்?"

"ஒன்னைய எனக்குத் தெரியாதா?"

அந்தத் தோட்டத்தில் இப்போது பால்மரம் ஒன்றுகூட இல்லை, எல்லாம் செம்பனை. கோயிலும் அதையொட்டிய மண்டபமும் மட்டும் புதுச் சாயத்தோடு நின்றன. பஜனைக் குழுவின் தலைவர் எங்களுக்காகக் காத்திருந்தார். அறுபது வயதிருக்கும், ஆர்மோனியக் கை. கீபோர்டைத் தரையில் பாய் விரித்துக் கிடத்தியிருந்தார்கள், நோயாளி மாதிரி.

"பாருமா," என்றார். "ஈப்போவுல வீட்டக் காலி பண்ணவங்க கிட்ட வாங்குனது. கொண்டாந்த அன்னைலருந்தே கெராஸ். ஒரு பாட்டு வாசிச்சா வெரல் செத்துப் போயிருது. ஒரு வேகம் வரமாட்டேங்குது. நாங்களும் என்னென்னமோ பண்ணிப் பாத்தோம். கேரம் பவுடர்கூட போட்டோம்லா. அப்பவும் லூஸ் ஆகல."

மின்சாரத்தை இணைத்துவிட்டு நான் தரையில் உட்கார்ந்து ஒரு கட்டையை அழுத்தினேன். இடுக்கிலிருந்து வெள்ளையாகப் பவுடர் பறந்தது. இன்னொன்றை அழுத்தினேன், இன்னும் கொஞ்சம் பறந்தது. பக்கத்தில் குனிந்திருந்த கணவர் தும்மினார். நான் இடது கோடியிலிருந்து வலது கோடிவரை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தேன். இடது பக்கம் கனம் அதிகம், வலது பக்கம் போகப்போகக் குறைந்துகொண்டே வந்தது. டீச்சரின் பியானோவும் அப்படியேதான். இந்தக் கீபோர்டுக்கு ஒரு நோயும் இல்லை. இவர்கள் ஆர்மோனியத்துக்குப் பழகிய விரலால் பியானோவைத் தொட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

கணவர் என் முதுகில் விரலால் குத்தினார். எழுந்திரு, பணத்தைக் கொடு, போலாம் என்று அர்த்தம்.

நான் யோக்கியப் பட்டம் வாங்குவதற்காகப் பேசவில்லை. எதிரே சந்நிதி திறந்திருந்தது, அந்தப் பயம் பாதி. மீதிப் பாதியைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. மூன்று வருடங்களாக எனக்கு எது தெரியாது என்று டீச்சர் சொல்லத்தான் கேட்டுவந்திருக்கிறேன். அன்று அந்த மண்டபத்தில் எனக்கு மட்டும் தெரிந்த ஒரு விஷயம் இருந்தது. அதை எப்படி விழுங்குவது?

"அண்ணே, இது ரோசாக் இல்ல," என்றேன். "இது இப்படித்தான் இருக்கணும். பியானோ படிக்கிறவங்களுக்குக் கனம் வேணும்னு கம்பெனிக்காரனே வச்சுக் குடுக்கிறது."

கணவர் சாமியைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

பெரியவர் கீபோர்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அப்ப நாங்க நல்ல சாமானுக்கா கேரம் பவுடர் போட்டோம்?" என்று கேட்டுவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். சிரித்து ஓய்ந்ததும் முகம் மாறியது. "நல்லதுன்னா இந்த வெலைக்கு நான் குடுக்க முடியாதேமா. குழு காசு இது."

விலையை ஏற்றினால் என்னால் முடியாது. சமாளிக்க ஏதாவது பேச வேண்டுமே என்று கேட்டேன்: "ஒங்களுக்கு எப்படிப்பட்டது வேணும், அண்ணே?"

"தொட்டா ஓடணும்மா. கைய வச்சா கட்டை தானா அமுங்கணும்."

ஊதினால் அமுங்கும் கீபோர்டு ஒன்று எங்கள் வீட்டில் சும்மா இருக்கப்போகிறதே என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவர் போட்டிருந்த விலையும் என் பழைய கீபோர்டும் தருகிறேன் என்று சொன்னேன். அவர் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. "இத இப்பவே தூக்கிட்டுப் போம்மா. வெள்ளிக்கிழம பஜனைக்கு முன்னாடி அதக் கொண்டாந்து குடு," என்றார். பேரும் ஊரும்கூடக் கேட்கவில்லை. சொன்ன வெள்ளிக்கிழமை கொண்டுபோய்க் கொடுத்தோம். அவர் விரல்கள் அதன்மேல் ஓடிய ஓட்டத்தைப் பார்த்தபோது, நான் அதில் ராணியாக இருந்ததெல்லாம் சும்மா என்று புரிந்தது.

கனம் என்றால் என்ன என்பது எங்களுக்கு அந்தச் சனிக்கிழமையே வீட்டுப் படியில் தெரிந்தது. நாங்கள் இருப்பது நான்காவது மாடி, லிஃப்ட் கிடையாது. கணவர் முன்னால், நான் பின்னால். ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று, "வாயத் தொறக்காதன்னு சொன்னேன்ல" என்றார். கடைசித் திருப்பத்தில் மட்டும், "சொன்னது நல்லதுதான்" என்றார்.

பழைய தையல் மேசைமேல் அதை வைத்தேன். முதல் வாரம் சோறு பிசையக்கூட விரல் மடங்கவில்லை. காதில் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு தினமும் வேலை முடிந்து வந்து வாசித்தேன். வெளியே இசை கேட்காது, ஆனால் கட்டை விழும் சத்தம் மேசை வழியாகத் தரைக்கு இறங்கியிருக்கிறது. கீழ்வீட்டு அம்மா படியில் பிடித்துக்கொண்டார். "அக்கா, டெய்லி சாயங்காலம் ஒரல்ல சம்பல் இடிக்கிறீங்களே, வியாபாரம் ஆரம்பிச்சுட்டீங்களா?"

கீபோர்டு வந்த பிறகு ஆறு வாரம் டீச்சர் ஊரில் இல்லை, பினாங்கில் ஏதோ பயிற்சி. அதனால் என் விரல்களுக்கு நடந்தது எதுவும் அவளுக்குத் தெரியாது. திரும்பி வந்த அன்று படிவத்தை மேசைமேல் வைத்துவிட்டு அதன்மேல் பேனாவை வைத்தாள். "வாசிங்க ஆண்ட்டி, பார்க்கலாம்" என்றாள். பார்க்கலாம் என்ற சொல்லையே எனக்குப் பிடிக்காது.

அந்தச் சான்றிதழ் பிறகு வந்தது, இப்போது எங்கள் கூடத்தில் தொங்குகிறது. லேமினேட் என் கையால்தான், ஒரு குமிழி இல்லை. அதை இங்கேயே சொல்லி முடித்துவிடுகிறேன், ஏனென்றால் நான் திரும்பத் திரும்ப நினைத்து மகிழ்வது அதை அல்ல.

அன்று நான் பியானோவில் உட்கார்ந்தேன். கட்டைகள் லேசாக இருந்தன. சத்தியமாகச் சொல்கிறேன், மூன்று வருடங்கள் என்னை அவமானப்படுத்திய அதே கட்டைகள். முதல் வரியிலேயே அறை நிறைந்தது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. கீழே கடையில் யாரோ பேச்சை நிறுத்தினார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, ஆனால் விரல் நிற்கவில்லை. இரண்டாவது வரியில் டீச்சர் கையை உயர்த்தினாள்.

"ஆண்ட்டி, ஆண்ட்டி! பெலான் சிக்கிட்!"

சத்தத்தைக் கொஞ்சம் குறைத்து வாசியுங்கள் என்கிறாள். என்னைப் பார்த்து.

நான் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். காதுக்குப் பக்கத்தில் விரல்களைக் குவித்து அவள் பக்கம் சாய்ந்தேன்.

"தாக் டெங்கார், டீச்சர்," என்றேன். "இன்னொரு தடவை சொல்லுங்க."

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்துக்கொண்டே பேனாவை எடுத்தாள்.