டாங்கிளுக்கு வெச்ச சந்தனம்

எங்க பூபதியை நான் லேசுல நம்பினவன் இல்லைங்க. மூக்கண்டப்பள்ளிப் பட்டறையில அவன் கம்ப்யூட்டர்ல டிராயிங் போடறவன், நான் அந்த டிராயிங்படி இரும்பு சீவற சிஎன்சி மெஷினை ஓட்டறவன். மூலையில கெடந்த பழைய கம்ப்யூட்டர்ல டிராயிங் போடற ஓசி சாஃப்ட்வேர் ஒண்ணைப் போட்டு வெச்சான். யாரு வேணா எடுத்துக்கலாம், பிரிச்சுப் பாக்கலாம், திருத்தலாம்னான். சும்மா குடுக்கறவன் எதுக்குக் குடுக்கறான்? எனக்கு அங்கயே உறுத்துச்சு.

ஓனர் கங்கப்பன் முதல்ல காதுலயே போட்டுக்கல. அப்பறம் 'ஓசி இன்ஜினியர்'னு கூப்பிட்டுச் சிரிச்சாரு. பழைய வேலை நாலஞ்சை அவன் அதுலயே போட்டுக் காட்டுனதும் சிரிப்பு போயிருச்சு. நம்ம டிராயிங்கை இது வழியா வெளிய விக்கறானோன்னு சந்தேகம். ஆயுத பூஜை முடிஞ்சதும் அதை அழிச்சுட்டு நீயும் கெளம்புன்னுட்டாரு.

பூபதிக்கு வீட்டுல கைக்குழந்தை. மூஞ்சி செத்துப்போச்சு. ஆனாலும் டீக்கடையில எங்கிட்ட சொன்னான், இந்த சாஃப்ட்வேர்க்காரங்க பேசிக்குவாங்களாம்: முதல்ல கண்டுக்க மாட்டாங்க, அப்பறம் சிரிப்பாங்க, அப்பறம் சண்டைக்கு வருவாங்க, கடைசியில ஒத்துக்குவாங்க. வேலை போனப்பறம் எவன் ஒத்துக்கிட்டா என்னடான்னு கேட்டேன்.

பூஜைக்கு மறுநாள் மெஷினைக் கும்பிட்டு ஓட்டி வைக்கறது வழக்கம். பூபதிக்கு அதான் கடைசி நாள். அன்னிக்குன்னு பாத்து அவசர டிராயிங் ஒண்ணு வந்துச்சு. காசு குடுத்து வாங்குன சாஃப்ட்வேர் தொறக்கல. பென்டிரைவ் மாதிரி ஒரு டாங்கிள் சொருகியிருந்தாத்தான் அது தொறக்கும். அந்த டாங்கிள் செத்துக் கெடந்துச்சு. பூபதி மூலைக் கம்ப்யூட்டர்ல டிராயிங்கைத் தொறந்து குடுத்தான், மெஷின் ஓடுச்சு.

"வேலை போவுதுன்னு நீதானடா அதைக் கெடுத்த?"ன்னாரு ஓனர்.

எனக்கும் அதே சந்தேகம்தான்.

பூபதி டாங்கிளை உருவிக் காட்டுனான், உள்ளயெல்லாம் சந்தனம் காஞ்சு அப்பியிருக்கு. ஓனர் சம்சாரம் மாதேஸ்வரியக்கா முன்னாடி வந்தாங்க.

"நான்தாங்க வெச்சேன். எல்லா மெஷினுக்கும் வெக்கறோம், அது மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு?"

ஓனர் தொண்டையைச் செருமிக்கிட்டு வெளிய போயிட்டாரு. சாயங்காலம் போன்ல யார்கிட்டயோ, டாங்கிள் செத்தாலும் நம்ம வேலை நிக்கல, இதெல்லாம் நானே யோசிச்சுப் பண்ண ஏற்பாடுன்னு பேசிட்டிருந்தாரு. போனை வெச்சுட்டு பூபதியைக் கூப்பிட்டு, நாளைக்கு வந்து எல்லா கம்ப்யூட்டர்லயும் அதையே போடுன்னாரு. அப்பறம் குரலைத் தாழ்த்தி, "பக்கத்துப் பட்டறைக்காரனுங்ககிட்ட சொல்லிறாத."

அப்பத்தாங்க எனக்கு நம்பிக்கை வந்துச்சு, அது நெசமாவே நல்ல சரக்குன்னு.