‘மூணு மணி’ மாமா

கன்னத்தில் நுரை பூசி, கழுத்தில் கத்தியை வைத்த பிறகுதான் அவர் வாயைத் திறப்பார்.

“எம் பொண்ணு இருக்கிற ஊரு ரொம்பத் தூரமாம். எங்க தூரம்? காலையில பத்துக்கு ஏறினா, மத்தியானம் ஒரு மணிக்கு இங்க. டிக்கெட்டுலயே போட்டிருக்கான். மூணே மணி நேரம்! நான் சொல்றது சரிதானே?”

கழுத்தில் கத்தி இருக்கும்போது யார் மறுத்துப் பேசுவார்கள்? மாட்டிக்கொண்டவர் கண்ணாலேயே ஆமாம் போடுவார். இப்படி ஊரில் பாதிப் பேரிடம் ஒப்புதல் வாங்கியதில், சலூன்காரருக்கு ‘மூணு மணி’ மாமா என்றே பெயர் நிலைத்துவிட்டது. திரும்பிப் போகும்போது மட்டும் ஆறு மணி நேரம் ஆகிறதே என்று யாரோ கேட்டதற்கும் பதில் தயாராக இருந்தது. “பொறந்த வீட்டை விட்டுப் போறப்ப எந்தப் பொண்ணுய்யா வேகமாப் போவா?”

சிரிப்பெல்லாம் கடையோடு சரி. மகள் வந்து மூன்று வருடமாகிறது. பேரன் பிறந்ததைக்கூட அவர் போனில்தான் பார்த்தார். அதிலிருந்து மனிதருக்கு வீம்பு. மகள் போனில் கூப்பிட்டால், “கையில சோப்புன்னு சொல்லு” என்பார் மனைவியிடம், கடை லீவு நாளிலும். கூப்பிடு தூரத்தில் இருந்துகொண்டு எட்டிப் பார்க்காதவளிடம் என்ன பேச்சு? இந்தத் தடவை வந்தாலும் தானாக வாய் திறப்பதில்லை என்று மனைவியிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

அவள் வருகிற அன்று காலை, தெருவுக்குப் புதிதாகக் குடிவந்த ஒருவர் முடி வெட்ட வந்தார். விமான நிலையத்தில் பெட்டி ஏற்றி இறக்கும் வேலை அவருக்கு. சவரம் வேண்டாம் என்றுவிட்டார். கத்திரிக்கோலுக்கு யார் பயப்படுவார்கள்?

கடிகாரத்தில் பத்தடித்தது. “எம் பொண்ணு இப்பத்தான் ஏறுவா” என்று கண்ணாடி ஓரம் செருகியிருந்த டிக்கெட்டைக் காட்டினார் மாமா.

“இப்பவா? நேத்து ராத்திரியே ஏறியிருப்பாங்கண்ணே. அங்க நேத்துக் காலையில பத்துன்னா நமக்கு நேத்து ராத்திரி ஒம்பதரை. டிக்கெட்டுல அந்தந்த ஊரு நேரம்தான் போடுவாங்க, எறங்குறது மறுநாள் தேதி. பதினஞ்சரை மணி நேரம் உக்காந்தே வரணும், பாவம்.”

கத்திரிக்கோல் நின்றது.

“நான் தூங்கிட்டு இருந்தப்பவேவா? கைக்குழந்தையை மடியில வெச்சுக்கிட்டா?”

“பின்ன?”

வந்தவருக்கு ஒரு பக்கக் கிருதா கொஞ்சம் மேலேறிப் போனது. மாமா கிருதாவையா கவனிப்பார்? அப்போதே கடையைச் சாத்திவிட்டு வீட்டு வாசலில் போய் நின்றுகொண்டார்.

மத்தியானம் டாக்சி வந்தது. மகள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, அப்பா முகத்தைப் பார்க்கத் தயங்கியபடி உள்ளே நுழைந்தாள். அம்மா அவசர அவசரமாக ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். “உக்காரும்மா.”

“அறிவிருக்கா உனக்கு? விடிய விடிய உக்காந்தே வந்தவளை இன்னுமா உக்காரச் சொல்றே?” என்று மனைவி மேல் பாய்ந்த மாமா, நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்த் தெருவில் வைத்தார்.