சோளக் கொல்லையின் நேயர்கள்

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். ஆனால் இது நடந்தது. ஈப்போ பக்கத்து லகாட்டைத் தாண்டிப் பழைய ரப்பர்த் தோட்டத்துப் பக்கம் போனால் அந்தச் சோளக் கொல்லை இன்றும் அப்படியே நிற்கிறது. கதிர் முற்றி, காய்ந்து, தாளெல்லாம் வெளுத்துப்போய் நிற்கிறது. அறுக்க ஆளில்லை. ஒரு குரங்குகூட அதைத் தொடவில்லை. பார்க்க விரும்புகிறவர்கள் போய்ப் பார்க்கலாம். பகலில் போங்கள். கையில் ரேடியோ மட்டும் வேண்டாம்.

கொல்லை ஷாமினியுடையது. கணவன் ரூபனோடும் மாமியார் முத்தம்மாவோடும் அப்போது புந்தோங்கில் குடியிருந்தாள். ரூபன் வேலை பார்த்த தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். கிடைத்த வேலை வேன் ஓட்டுவது. சிங்கப்பூரில் நல்ல வேலை காத்திருக்கிறது என்று நண்பன் ஒருவன் ஓயாமல் போன் செய்துகொண்டிருந்தான். போனால் ரூபன் முகத்தை மாதத்துக்கு ஒரு முறை பார்ப்பதே பெரிது. கல்யாணமாகி இரண்டு வருடம்கூட ஆகவில்லை. ஷாமினிக்கு மனசு கேட்கவில்லை. தோட்டத்தை வெட்டிவிட்டுச் சும்மா போட்டிருந்த நிலத்தில் ஒரு துண்டைக் குத்தகைக்கு எடுத்துச் சோளம் போட்டாள்.

முதல் விளைச்சலைக் குரங்குகள் ஒரே காலையில் தின்று தீர்த்தன.

"இன்னொரு தடவை போட்டுப் பாரு," என்றான் ரூபன். "அதுவும் போச்சுன்னா நான் பையைக் கட்டிருவேன் ஷாமி. அப்புறம் அழக் கூடாது."

"கொல்லைக்காரி ஆகப் போறாளாம்," என்று முத்தம்மா சமையலறையிலிருந்து குரல் கொடுத்தாள். "கடையில ஒரு கதிர் வாங்கத் தெரியாது. வந்துட்டா!"

ஷாமினி இரண்டாம் முறை போட்டாள். சோளம் நன்றாக வந்தது. பால் பிடிக்கும் நேரம் பார்த்துக் குரங்குகள் மரத்தில் வந்து உட்கார்ந்தன.

பக்கத்து நிலத்தில் ஆடு வளர்க்கும் கனகராஜ்தான் வழி சொன்னார்.

"வெடி போட்டா ரெண்டு நாள்ல பழகிடும் தங்கச்சி. குரங்குக்கு மனுசக் குரல்தான் ஆகாது. ரேடியோ வை. பாட்டு வேணாம், பேச்சு வை. பாட்டுப் போட்டா அதுவும் உக்காந்து கேக்கும் லா!"

கேட்க எளிதாக இருந்தது. ஆனால் வெளியில் வைக்க நல்ல ரேடியோ கிடைப்பது அவ்வளவு எளிதாக இல்லை. முதலில் பழைய போன் ஒன்றை மரத்தில் கட்டிவைத்தாள். வீட்டுக்குள் கணீரென்று கேட்ட போன், திறந்த வெளியில் கொசு முனகுவதுபோல் முனகியது. மத்தியானத்துக்குள் செத்தும் போனது. அடுத்து, இரவுச் சந்தையில் கலர் விளக்கு மின்னும் சின்ன ரேடியோ ஒன்று வாங்கினாள். ஒரு தூறலுக்கே அதற்குத் தொண்டை கட்டிக்கொண்டது. குரங்குகள் அதைத் தூக்கிப் போய் விளையாடின.

கடைசியில் ஈப்போவில் மின்சாமான் கடை ஒன்றில் ஏறினாள். கடைக்காரச் சீனக் கிழவர் கேட்ட முதல் கேள்வி, "வீட்டுக்கா, கெபுனுக்கா?"

"கெபுனுக்கு, தவுக்கே. சோளக் கொல்லையில வைக்க."

அவர் மேல் தட்டிலிருந்து ஒரு பெட்டியை இறக்கினார். கரும்பச்சை நிறம். தூக்கிப் போகப் பிடி. ஒரே ஒரு பெரிய ஒலிபெருக்கி. நீளமான ஏரியல். தடித்த பேட்டரி ஆறு போட வேண்டும். மழைத்துளி உள்ளே போகாது என்றார். உயரத்தில் வைக்கச் சொன்னார். புத்தம் புதுசு. பெட்டியைப் பிரித்ததே ஷாமினிதான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்… அந்த ரேடியோவில் ஒரு குறையும் இல்லை.

கொல்லை ஓரத்தில் இடுப்பளவு உயரத்தில் பழைய ரப்பர் மரத்தின் அடிக்கட்டை ஒன்று இருந்தது. அதன்மேல் ரேடியோவை வைத்து, முகத்தைச் சோளத்தின் பக்கம் திருப்பி, தமிழ் நிகழ்ச்சியை வைத்தாள். குரல் வெட்டவெளியைத் தாண்டிச் செம்பனைக் காடு வரைக்கும் போனது. பொழுது விடியும்போதே குரங்கு வந்துவிடும் என்பதால் ராத்திரியும் அதை ஓடவிட்டுப் போனாள்.

மறுநாள் ஒரு குரங்கும் வரவில்லை.

அதற்கு மறுநாளும் வரவில்லை. அணில்கூட வரவில்லை. காக்கை குருவிச் சத்தமும் நின்றுபோயிருந்தது. ஷாமினிக்குச் சந்தோஷத்தில் அதெல்லாம் உறைக்கவில்லை.

மூன்றாம் நாள் காலை. ரேடியோ பின்பக்கம் திரும்பியிருந்தது.

கட்டையின்மேல்தான் இருந்தது. ஆனால் முகம் சோளத்தைப் பார்க்கவில்லை. அந்தப் பக்கம் லாலான் புல் மண்டிக்கிடந்த வெற்றிடத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தது.

"நீங்க திருப்பி வச்சீங்களா அண்ணே?"

"நான் ஏன் லா திருப்பறேன்? என் ஆடு செய்தி கேக்குமா?" என்று கனகராஜ் சிரித்தார்.

அவள் திருப்பி வைத்தாள். மறுநாள் காலை அது மறுபடியும் புல்லைப் பார்த்துக்கொண்டிருந்தது. கம்பியால் கட்டையோடு சேர்த்துக் கட்டினாள். மறுநாள் கம்பி அவிழ்ந்து, அழகாகச் சுருட்டி, ரேடியோ பக்கத்தில் வைக்கப்பட்டிருந்தது.

அன்றுதான் புல்லைக் கவனித்தாள்.

நெஞ்சளவு லாலான் புல். அதில் ரேடியோவுக்கு முன்னால் மட்டும் அங்கங்கே வட்ட வட்டமாய் அமுங்கிக் கிடந்தது. முன்வரிசையில் சின்னச் சின்ன வட்டங்கள். பின்னால் பெரியவை. நடுவே நேராக ஓர் ஒற்றையடி இடைவெளி… கூட்டத்தில் எழுந்து போகிறவருக்கு வழி விட்டு உட்காருவோமே, அந்த மாதிரி.

"பன்றி படுத்திருக்கும்," என்றார் கனகராஜ். ஆனால் இந்த முறை அவர் சிரிக்கவில்லை. அவரே மேலும் சொன்னார். "அந்தக் காலத்துல தோட்டத்துல வேலை செஞ்சவங்க லயம் இங்கதான் இருந்துச்சு தங்கச்சி. நாலு வரிசை வீடு. மொத்த லயத்துக்கும் ஒரே ரேடியோ. சாயங்காலம் ஆச்சுன்னா வெளியில தூக்கி வச்சிருவாங்க. எல்லாரும் வந்து உக்காந்துருவாங்க."

"இப்ப அவங்கெல்லாம் எங்கண்ணே?"

"யாருக்குத் தெரியும்? நான் ஆடு மேய்க்க வந்தவன் லா."

ஷாமினி ரூபனிடம் எதுவும் சொல்லவில்லை. சொன்னால் அவன் பையைக் கட்டிவிடுவான். இன்னும் ஒரு வாரத்தில் கதிர் ஒடித்துவிடலாம். ஒரே ஒரு வாரம்.

அந்த வாரத்தில் ஒரு நாள் சாயங்காலம் அவளுக்குப் போன் வந்தது. பேசுவதற்காக ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தாள்.

முதுகுக்குப் பின்னால்…

"ச்சு!"

சலிப்போடு நாக்கைத் தட்டும் சத்தம். ஒருவர் அல்ல. பலர்.

திரும்பிப் பார்த்தாள். புல் மட்டும்தான். காற்றே இல்லை. சத்தத்தைக் கூட்டினாள்.

மறுநாள்தான் அது நடந்தது.

காலையிலேயே ரேடியோவின் குரல் கம்மியது. பேட்டரி தீரப்போகிறது. வரும்போது ஆறு பேட்டரி வாங்கிவரும்படி ரூபனிடம் சொன்னாள். அவன் தினமும் 6.30க்கு மோட்டார் சைக்கிளில் வந்து அவளை அழைத்துப் போவான். ஆறு மணிக்குக் கனகராஜ் ஆடுகளை ஓட்டிக்கொண்டு போய்விட்டார். 6.40. ரூபன் வரவில்லை. 6.50க்குப் போன் அடித்தது.

"லகாட்டுலதான் இருக்கேன். டயர் போச்சு. ஒட்டிக்கிட்டு இருக்காங்க. பயப்படாம இரு, வாரேன்."

"சீக்கிரம் வாங்க. தயவு செய்து…"

அதோடு அவள் போன் அணைந்தது.

பெரிய சாலைக்குப் போக ஒரே பாதைதான். அது அந்த லாலான் புல்லுக்கு நடுவே போகிறது. அவள் ரேடியோ பக்கத்திலேயே நின்றாள். வெளிச்சம் மங்கியது. செய்தி வாசிக்கிறவரின் குரல் கனத்தது. இழுத்தது. கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல் ஆனது…

7.12. ரேடியோ நின்றது.

அப்படி ஒரு நிசப்தத்தை அவள் அதுவரை கேட்டதில்லை. பூச்சிச் சத்தம்கூட இல்லை. பத்து எண்ணுகிற நேரம். பிறகு…

சர்ர்…

புல் விலகும் சத்தம்.

பன்றி, என்று மனசுக்குச் சொல்லிக்கொண்டாள். "ஏய்! போ!" என்று கத்தினாள்.

சத்தம் நின்றது.

அவள் வாயை மூடினாள்.

சர்ர்… சர்ர்… இடது பக்கம். வலது பக்கம். இன்னும் கிட்டே.

"யாரு? யாரு அங்க?"

நின்றது.

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. குரல் கேட்கும்வரை அவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். குரல் நின்றால்… எழுந்து வருவார்கள்.

ரூபன் வரும்வரை பேச வேண்டும். நிறுத்தாமல் பேச வேண்டும்.

"வணக்கம்… வணக்கம் நேயர்களே. நேரம் இரவு ஏழு மணி பதினைந்து நிமிடம்."

புல் அடங்கியது. அத்தனை புல்லும் ஒரே நேரத்தில் அமுங்கியது. உட்காருகிறார்கள்.

அவள் பேசினாள். வானிலை சொன்னாள். பேராக்கில் இடியுடன் மழை பெய்யும் என்றாள். காலையில் கேட்ட செய்தியைச் சொன்னாள். காய்கறி விலை சொன்னாள். ரசம் வைப்பது எப்படி என்று சொன்னாள். மூச்சு வாங்கக் கொஞ்சம் நிறுத்தினாள்.

சர்ர்…

"அடுத்து! அடுத்து வாழ்த்து நேரம்! சிலிம் ரிவரில் இருக்கும் குமுதா அக்காவுக்கு இனிய பிறந்தநாள் வாழ்த்துகள். வாழ்த்துவது தம்பி பவித்ரன்…"

தெரிந்தவர் பெயரையெல்லாம் சொன்னாள். தெரியாத பெயரும் சொன்னாள். வாய் உலர்ந்தது. நாக்கு குழறியது. இருட்டிவிட்டது. எதிரில் எதுவும் தெரியவில்லை.

மூச்சு மட்டும் கேட்டது.

பலருடைய மூச்சு.

பெயர்கள் தீர்ந்துபோயின. அவளுக்கு வேறு எதுவும் வாயில் வரவில்லை. வாழ்த்து நேரத்தில் எல்லோரும் எப்படி முடிப்பார்களோ, அப்படியே முடித்தாள்.

"இவர்களை… அன்போடு வாழ்த்துவது… புந்தோங்… வீட்டு எண் நாற்பத்திரண்டிலிருந்து… முத்தம்மா… ரூபன்… ஷாமினி…"

நிறுத்தினாள்.

புல் அசையவில்லை.

மூச்சும் கேட்கவில்லை.

தூரத்தில் மோட்டார் சத்தம். விளக்கு. ரூபன்!

விளக்கு வெளிச்சம் புல்லின்மேல் விழுந்தது. அத்தனை புல்லும் நிமிர்ந்து நின்றது. ஒரு வட்டம்கூட இல்லை. யாருமே அங்கே உட்கார்ந்திராததுபோல.

"ஏன் இப்படி வேர்த்திருக்கு? என்னாச்சு?" என்றான் ரூபன்.

"போலாம். முதல்ல போலாம்."

ரேடியோவை அவள் தொடவில்லை. கட்டையின்மேலேயே விட்டுவிட்டாள். மோட்டாரில் அவன் முதுகை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள்.

"எனக்குக் கொல்லை வேணாங்க. நீங்க சிங்கப்பூர் போனாலும் பரவால்ல. நான் வீட்டுலயே இருந்துக்குறேன். வீடு போதும்."

ரூபன் வேகத்தைக் கூட்டினான்.

புந்தோங்கில் தெரு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. எதிர்க்கடையில் ஆட்கள் ரொட்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்த பிறகுதான் ஷாமினிக்கு உயிர் வந்தது. கதவைத் திறந்த முத்தம்மாவின் முகத்தில் என்றுமில்லாத சிரிப்பு.

"ரேடியோவுல பேசப் போறேன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா லா? சமையலறையில கேட்டுக்கிட்டிருந்தேன். செய்தி பாதியில நின்னுச்சு. பாத்தா உன் குரல்! பக்கத்து வீட்டுக் கருப்பம்மாளையும் கூப்பிட்டேன். ரெண்டு பேரும் கடைசி வரைக்கும் கேட்டோம்."

ஷாமினி கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"எல்லாம் நல்லாத்தான் பேசின. கடைசியில எதுக்கு வீட்டு நம்பரைச் சொன்ன? நீ சொல்லி முடிச்சதும் உன் பக்கத்துல ஒரு ஆம்பளை அதையே திருப்பிச் சொன்னாரு. 'நாப்பத்திரண்டு'ன்னு. மறுபடியும் சொன்னாரு. மறந்துடக் கூடாதுன்னு மனப்பாடம் பண்ற மாதிரி."

"அப்புறம்?" என்றான் ரூபன்.

"அப்புறம் எல்லாரும் சேர்ந்து சொல்ல ஆரம்பிச்சுட்டாங்க. ஆம்பளை, பொம்பளை, பொடிசுங்க… ஒரே கூட்டம். ஆமா ஷாமினி, எத்தனை பேரை லா கூட்டிக்கிட்டுப் போயிருந்த?"