காற்று தட்டிவிட்டு வரும் வீடு

“என் வீட்டுக்குள்ள காத்து வரணும்னாகூட கதவைத் தட்டிட்டுத்தான் வரணும்!”

இந்த வரலாற்றுப் பிரகடனத்தை மில்லிமீட்டர் தச்சர் இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, புது வீட்டு வாசலில் நின்று வெளியிட்டார். கதவு, ஜன்னல் எல்லாம் அவரே இழைத்துப் பொருத்தியவை. அன்றிலிருந்து காற்று ஒருநாளும் கதவைத் தட்டியதில்லை. தட்டாமலே வந்து போய்க்கொண்டிருந்தது அவர் மனைவிக்கு மட்டும் தெரியும்.

அளவுநாடா இல்லாமல் அவர் வெளியே கிளம்பியதில்லை; பட்டப்பெயர் அப்படி வந்ததுதான். மகள் தான் விரும்பியவனை முதன்முதலாக அழைத்து வந்தபோது, பையன் என்ன வேலை பார்க்கிறான் என்று அவர் கேட்கவில்லை. எவ்வளவு உயரம் என்று கேட்டார். தன் வாசல் நிலையில் அவன் தலை இடித்துவிட்டால் யார் பொறுப்பு?

குளிர்காலத்தில் மனைவி வீட்டுக்குள்ளேயே இரண்டு ஸ்வெட்டர் போட்டு, அதற்கு மேல் சால்வையும் போர்த்தியிருப்பாள்.

“உனக்கு ரத்தம் கம்மி” என்பார் தச்சர்.

“எனக்கு ரத்தம் கம்மியில்லங்க. உங்க ஜன்னலுக்குத்தான் மரம் கம்மி!”

மரம் உலர்ந்து சுருங்கிவிட்டிருந்தது. ஆனால் அதை எப்படி அவரிடம் சொல்வதென்று மரத்துக்கும் தெரியவில்லை.

இந்தக் குளிர்காலத்தை மகள் மூன்று மாதக் குழந்தையோடு அம்மா வீட்டில் கழிப்பதாக இருந்தது. போனில் ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள். “மாடி ரூம் இப்படியே இருந்தா நான் வரலப்பா. போன தடவை தொப்பி போட்டுட்டுத் தூங்கினேன். குழந்தை தாங்காது.”

மனைவி மறுநாளே வங்கிக்குப் போய் ஒரு திட்டத்தோடு திரும்பினாள். இரட்டைக் கண்ணாடி ஜன்னல், கூரைக்கடியில் குளிர் தடுக்கும் பஞ்சு, இரண்டுக்கும் ஆகும் செலவை இருக்கிற வீட்டுக் கடனிலேயே சேர்த்துவிடுவார்கள். தவணை கொஞ்சம் ஏறும். ஹீட்டர் கரண்ட் பில் அதைவிட இறங்கும். வீட்டில் காற்று ஒழுகுகிறது என்று பரிசோதனையில் தெரிந்தால்தான் கடன். இதையெல்லாம் அவள் வாசித்துக் காட்டினாள். ‘பரிசோதனை’ என்ற சொல் வந்ததுமே தச்சர் காதை மூடிக்கொண்டார். “வரட்டும். என் ஜன்னலுக்கு சர்டிபிகேட் குடுத்துட்டுப் போவாங்க” என்று கையெழுத்துப் போட்டார்.

பரிசோதனை நாளன்று காலை, மனைவி குளிக்கப் போன நேரம் பார்த்து, அவளுடைய பழைய பச்சை ஸ்வெட்டரின் ஒரு கையை வெட்டினார். அதைக் கீற்றுக் கீற்றாக்கி, ஜன்னல் இடுக்குகளில் உளியால் திணித்தார். பிறகு சட்டையை உதறிக்கொண்டு, ஒரு பாவமும் அறியாத முகத்தோடு காத்திருந்தார்.

வங்கி அனுப்பிய பொறியாளர் அம்மா, வாசல் கதவுக்குப் பதில் ஒரு துணித்திரையை மாட்டி, அதில் பெரிய விசிறியைப் பொருத்தினார். விசிறி வீட்டுக் காற்றை வெளியே இழுக்கும். எங்கே ஓட்டையோ, அங்கே காற்று உள்ளே பாயும். புகை கக்கும் பேனாவை ஜன்னல் ஜன்னலாகப் பிடித்தார். புகை ராணுவ வீரனைப் போல நிமிர்ந்து நின்றது.

“ஐயா, வேலைன்னா இது வேலை! இப்படி ஜன்னல் நான் பார்த்ததே இல்ல.”

தச்சரின் மார்பு தையல் பிரியும் அளவுக்கு விரிந்தது.

“அதனால கடன் கிடைக்காதுங்க. இந்த வீட்டுக்குத் தேவையே இல்லையே.”

மனைவி நாற்காலியில் விரித்து வைத்திருந்த உள்ளங்கை அளவுக் குட்டி ஸ்வெட்டரை மடித்தாள். பிரித்து, மறுபடி மடித்தாள்.

தச்சர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கனைத்துக்கொண்டார்.

“மேடம், விசிறிய இன்னும் நிறுத்தலல்ல? பேனாவோட கொஞ்சம் மாடிக்கு வாங்க.”

மாடி ஜன்னலோரம் மண்டியிட்டு, உளி நுனியால் ஒரு பச்சைக் கம்பளித் துணுக்கை வெளியே இழுத்தார். பின்னாலேயே இன்னொன்று வந்தது. பிறகு ஒரு முழக் கீற்று. படியேறி வந்த மனைவி, தன் ஸ்வெட்டர் கை தவணை முறையில் திரும்பி வருவதைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

புகை முதலில் தயங்கியது. அப்புறம் படுத்தே விட்டது.

தச்சர் இடுப்பிலிருந்து அளவுநாடாவை எடுத்து, இடுக்கில் வைத்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

“நாலரை மில்லிமீட்டர்” என்றார், மெல்ல. “எழுதிக்குங்க.”